கோழி எரு, பச்சை உரம் எல்லாம் போட்டும் கத்தரி தேறவில்லை: செபராங் பிறையில் மண்ணை எப்படிச் சோதிப்பது?

கத்தரிப்பாத்தி (சிம்பாங் அம்பாட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் பினாங்கின் செபராங் பிறையில், சிம்பாங் அம்பாட் பக்கம் ஏறக்குறைய அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நானும் என் கணவரும் காய்கறி போட்டிருக்கிறோம். முன்பு செம்பனை நின்ற நிலம். மரங்களைச் சாய்த்த பிறகு லாலாங் புல் மண்டிக் கிடந்தது. மேட்டுப்பக்கம் செம்மஞ்சள் மண். கால்வாய் ஓடும் பள்ளப்பக்கம் சாம்பல் நிறக் களிமண்.

கத்தரி, வெண்டை, மிளகாய், பயிற்றங்காய் என நான்கும் நட்டோம். கோழி எருவைத் தாராளமாகப் போட்டுக் கொத்திவிட்டோம். அதற்கு மேல் பச்சை உரம், அதாவது 15-15-15, கொடுத்து வருகிறோம். நட்ட புதிதில் செடிகள் நன்றாகவே கிளம்பின. பிறகு அப்படியே நின்றுவிட்டன. கத்தரியின் அடியிலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது, இடைப்பகுதி மஞ்சளாகிறது. பயிற்றங்கொடி பந்தலில் பாதிகூட ஏறவில்லை. பள்ளப்பக்கத்து வெண்டை முழங்கால் உயரத்திலேயே காய்ந்துபோனது.

உரம் போதவில்லை என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வரும் யூடியூப் காணொளிகளில் ஒருவர் ஜிப்சம் போடச் சொல்கிறார், இன்னொருவர் சாம்பலைத் தொடவே கூடாது என்கிறார். லாலாங்கை எரித்துச் சாம்பலைப் பரப்பலாமா என்றும் யோசித்தோம். அடுத்த நடவுக்கு முன் எதைச் செய்வது? மண் சோதனை செய்ய வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

நாட்டுவிதை (செந்தூல்)

அக்கா, முதலில் அந்தப் பச்சை உரத்தை நிறுத்துங்கள். செந்தூலில் வீட்டுக்குப் பின்னால் கிடைத்த சிறிய இடத்தில் அமிர்தக்கரைசல் மட்டும் கொடுத்தே முருங்கை, பசலை, பாகல் எல்லாம் எடுக்கிறேன். சாணம், கோமியம், வெல்லம் போதும். பஞ்சகவ்யம் தெளித்தால் இலையின் நிறம் திரும்பிவிடும். மண்ணுக்குள் இருக்கும் உயிர்களுக்கு உணவு கொடுத்தால் மற்றதை அவையே பார்த்துக்கொள்ளும். ஆய்வகத்துக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

பழைய வெளிக்காடு (நிபோங் திபால்)

அம்மா, இப்போதைக்கு எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு குழி வெட்டுங்கள். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. இரண்டடி ஆழம் இருக்கட்டும். ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி விட்டுப் பாருங்கள். மேல்மண் எத்தனை விரற்கடை கறுப்பாக இருக்கிறது? வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது? நிறம் எங்கே மாறுகிறது? நீர் ஊறுகிறதா? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தேறாத கத்தரி ஒன்றை மண்ணோடு கெல்லி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பிடுங்கினால் மெல்லிய வேர்கள் அறுந்துவிடும், அதனால் கெல்லித்தான் எடுக்க வேண்டும். நல்ல கத்தரிக்கு வெள்ளை நூல்போன்ற சிறுவேர்கள் அடர்ந்திருக்கும். உங்கள் செடியின் வேர் குட்டையாக, தடித்து, நுனி பழுப்பேறி, கிளைவேர் இல்லாமல் மொட்டையாக இருந்தால் மண்ணில் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, மிஞ்சிவிட்டது என்று பொருள். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். வேர் இல்லாத செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. பக்கத்து நிலத்துக்காரர் சொல்வதைக் கேட்டு இன்னும் கொட்டினால் பணம்தான் கால்வாயில் போகும்.

இந்தப் பகுதியின் கதையையும் சொல்ல வேண்டும். தென் செபராங் பிறையில் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம் முன்னோர் பலர் கப்பலிலிருந்து இறங்கியதே அந்தக் கரும்புக்காகத்தான். பிறகு ரப்பரும் தென்னையும் வந்தன, அதற்குப் பிறகு செம்பனை. தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரப்பரும் செம்பனையும் புளிப்பைத் தாங்கும் மரங்கள். அவற்றுக்காக யாரும் மண்ணின் புளிப்பை முறிக்கவில்லை. அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் ஆண்டுக்கணக்கில் விழுந்து புளிப்பு ஏறிக்கொண்டேதான் போனது. அந்த நிலத்தைத்தான் நீங்கள் கத்தரிக்குக் கேட்கிறீர்கள்.

நிலத்தின் ஓரங்களில் என்ன செடி முளைக்கிறது என்றும் பாருங்கள். ஊதாப்பூப் பூக்கும் செண்டுடோக் அடர்ந்திருந்தால் அது புளித்த மண். அந்தச் செடி அலுமினியத்தைத் தன் இலையில் சேர்த்துக்கொண்டே வாழக்கூடியது. பள்ளப்பக்கம் பியாய் எனப்படும் உயரமான பெரணி நின்றால் முன்பு அங்கே சதுப்புக்காடு இருந்திருக்கும். அப்படியிருந்தால் குழியின் படத்தை எடுத்து இங்கே போடுங்கள். பார்க்காமல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அளவுகோல் (செராஸ்)

ஐயா சொன்ன குழிதான் முதல் படி. ஆய்வக அறிக்கை அதற்கு அடுத்தது. மண் பகுப்பாய்வுதான் என் அன்றாட வேலை, எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்களைக் குழப்பியது அந்தக் காணொளிகள்தாம். அவர்கள் சொல்வது அவர்கள் நிலத்துக்குச் சரி. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மண் காரத்தன்மை கொண்டது. சுண்ணாம்பு கலந்த கரிசல், களர் நிலம் என்று பல இடங்களில் பிஎச், அதாவது புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண், 8-ஐத் தாண்டும் (7-க்கு மேல் காரம், கீழே புளிப்பு). அங்கே சாம்பல் போட்டால் காரம் இன்னும் ஏறும், அதனால் வேண்டாம் என்கிறார்கள். களர் நிலத்தில் சோடியத்தை வெளியேற்ற ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். இங்கே நிலைமை தலைகீழ். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கோயம்புத்தூரில் பெய்வதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கழுவிக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது கயோலின் களியும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும். மலேசியத் தீவகற்பத்தின் மேட்டுநில மண் பெரும்பாலும் பிஎச் 4-க்கும் 5-க்கும் இடையில்தான் இருக்கும். ஜிப்சம் கால்சியம் கொடுக்கும், ஆனால் புளிப்பை முறிக்காது. தமிழில் விவசாயம் கற்றுக்கொள்ளும் நம்மவர்கள் பலர் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் உழைப்பையும் காசையும் இழப்பதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. கடல் கடந்து வந்த அறிவுரையில் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த மண்ணுக்குச் சொன்னது என்பதைத்தான்.

பிஎச் எண்ணைப் பற்றி ஒன்று. 4.5 என்பது 5.5-ஐவிடப் பத்து மடங்கு புளிப்பு. ஒரு புள்ளிதானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. 5.5-க்குக் கீழே இறங்க இறங்க அலுமினியம் கரையத் தொடங்கும், 5-க்குக் கீழே வேகமாகக் கரையும். காய்கறிகளுக்கு 5.8 முதல் 6.5 வரை இருந்தால் போதும். 7-க்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. போனால் துத்தநாகம், மாங்கனீசு, போரான் கிடைக்காமல் வேறு நோவு வரும்.

மாதிரி எடுக்கும் முறை இதுதான். மேடும் பள்ளமும் வெவ்வேறு மண், எனவே இரண்டு தனித்தனி மாதிரிகள். இரண்டையும் கலந்துவிட்டால் வரும் எண் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது. ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 இடங்களிலாவது எடுங்கள். வரப்பு, எரு குவித்திருந்த இடம், பழைய மரத்தின் தூர், உரம் விழுந்த வரிசை இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆப்பு வடிவில் குழி வெட்டி, குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் அள்ளினால் அறிக்கை நிலத்தை உள்ளதைவிட வளமாகக் காட்டும். எல்லாவற்றையும் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கட்டிகளை உடைத்துக் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். நிழலில் காயவைத்து, பையில் போட்டு, பகுதியின் பெயரையும் ஆழத்தையும் எழுதி ஒட்டுங்கள். எரு போட்டு ஒரு மாதமாவது கழிந்திருக்கட்டும்.

எங்கே கொடுப்பது? மாவட்ட விவசாய அலுவலகத்தில், அதாவது ஜபாத்தான் பெர்தானியானில், மண் பகுப்பாய்வுக்கு வழி கேளுங்கள். தனியார் ஆய்வகங்களும் உண்டு. பிஎச், கரிமக் கார்பன், கிடைக்கும் பாஸ்பரஸ், பரிமாற்றப் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், அயனிப் பரிமாற்றத் திறன் (மண் சத்துகளைப் பிடித்துவைக்கும் அளவு) ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தை விட்டுவிட்டால் புளிப்பை முறிக்கப் போடும் சுண்ணாம்பின் அளவைச் சரியாகக் கணக்கிடுவது கடினம். பள்ளப்பக்க மாதிரிக்கு உப்புத்தன்மையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு முள் குத்தும் மலிவுக் கருவியின் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, கலக்கித் தெளியவிட்டுப் பிஎச் தாளை நனைத்துப் பார்ப்பது அதைவிட மேல்.

லாலாங்கை எரிக்க வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். அதைவிட, பூக்கும் முன்பே வெட்டிக் காயவைத்தால் நல்ல மூடாக்கு. கிழங்கை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

நாட்டுவிதை (செந்தூல்)

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு, அலுமினியம், ஆய்வகம் என்று போனால் மறுபடியும் கடைக்காரரிடம்தான் போய் நிற்கிறோம். காட்டில் யார் சுண்ணாம்பு போடுகிறார்கள்? புக்கிட் பெண்டேரா மலையில் மரங்கள் செழிப்பாகத்தானே நிற்கின்றன? இலைதழை விழுகிறது, மக்குகிறது, மறுபடியும் மரமாகிறது. நம் தாத்தாக்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் கீரையும் போட்டார்களே, யாரும் மண்ணைப் பையில் கட்டி அனுப்பவில்லை.

அளவுகோல் (செராஸ்)

கோபம் இல்லை தம்பி, இது கேட்க வேண்டிய கேள்விதான். மலைக்காட்டில் எதுவும் வெளியே போவதில்லை. விழுந்த இலையின் சத்தை மேல்வேர்கள் உடனே பிடித்துக்கொள்கின்றன. அந்த மரங்கள் புளிப்புக்குப் பழகியவை. நாமோ கூடை கூடையாகக் கத்தரியைச் சந்தைக்கு அனுப்புகிறோம். காயோடு பொட்டாசியமும் கால்சியமும் நிலத்தை விட்டுப் போகின்றன. போனதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

தாத்தாவின் மரவள்ளி நல்ல எடுத்துக்காட்டு. புளிப்பையும் அலுமினியத்தையும் மரவள்ளி நன்றாகத் தாங்கும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் மலாயாவை அது பட்டினியிலிருந்து காத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எந்த மோசமான மண்ணில் நட்டாலும் கிழங்கு விட்டது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்தத் திறன் கிடையாது.

மட்கு பற்றி நீங்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். நன்றாக மக்கிய எரு அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடும், வேருக்கு எட்டவிடாது. நம் மண்ணின் களி சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்தது. சிறிய சட்டியில் குடம் தண்ணீரை ஊற்றினால் வழிவதுபோல, ஒரே தடவையில் போட்ட உரம் அடுத்த மழையில் போய்விடும். அந்தச் சட்டியைப் பெரிதாக்குவது மட்குதான். இந்த வெயிலிலும் மழையிலும் அது வேகமாகச் சிதைந்துவிடுவதால் ஒவ்வொரு நடவுக்கும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் அமிர்தக்கரைசலும் பஞ்சகவ்யமும் வேறு. அவற்றில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, சத்தின் அளவு மிகக் குறைவு. அரை ஏக்கர் காய்கறிக்குத் தேவையான மெக்னீசியத்தை அதில் தேடினால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். செந்தூலில் உங்களுக்குக் கைகொடுப்பது நீங்கள் வருடம் முழுவதும் போட்டுவந்த சமையலறைக் கழிவும் சருகும்தான் என்று நினைக்கிறேன். வீடு கட்டும்போது சிந்திய சிமெண்டுத் தூளும் சாந்தும் பின்கட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்திருக்கவும் கூடும். ஒரு முறை சோதித்துப் பாருங்கள். எண் உங்கள் பக்கம் நின்றால் முதலில் மகிழ்பவன் நான்தான்.

பாலிக் புலாவ் சரிவு (பாலிக் புலாவ்)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது டுரியானும் சாதிக்காயும் நிற்கும் சரிவு நிலம், கருங்கல் உடைந்து உண்டான மணல்கலந்த மண். மழையில் மேல்மண் போய்க்கொண்டே இருக்கிறது. மரத்தடியில் கோழி எரு குவிக்கலாமா?

பழைய வெளிக்காடு (நிபோங் திபால்)

தண்டை ஒட்டி ஒருபோதும் குவிக்காதீர்கள். டுரியானுக்கு அடித்தண்டில் பைட்டோப்தோரா அழுகல்நோய் ஏற அதைவிட நல்ல வழி இல்லை. கிளை பரவியிருக்கும் விளிம்புக்கு நேர் கீழே, மரத்தின் மேற்சரிவுப் பக்கம், மக்கிய எருவை மெல்லியதாகப் பரப்பிச் சருகால் மூடுங்கள். புல்லை வேரோடு சுரண்டாமல் வெட்டி மட்டும் விடுங்கள். சரிவில் மண்ணைப் பிடித்துவைத்திருப்பது அந்தப் புல்தான். மரங்களுக்கு மண் சோதனையோடு இலைச் சோதனையும் தேவை. செம்பனையில் நாங்கள் எப்போதும் 17-ஆவது மட்டையின் இலையைத்தான் அனுப்புவோம். மட்டை மாறினால் எண்ணும் மாறும், போன வருடத்தோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். டுரியானுக்கு எந்த இலை என்பதை ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

தொட்டிச்செடி (கோம்பாக்)

அடுக்குமாடியில் தொட்டியில் மட்டும் வளர்ப்பவர்களுக்கும் சுண்ணாம்பு தேவையா?

அளவுகோல் (செராஸ்)

தொட்டியில் இருப்பது பெரும்பாலும் தேங்காய்நார்த் தூளும் எரித்த உமியும். அங்கே தொல்லை உப்புத் தேங்குவது. விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் அடியில் வழியும்வரை நீர்விட்டு அலசுங்கள். உரத்தைப் பாதியாகக் குறையுங்கள். சுண்ணாம்பைப் பிஎச் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

கத்தரிப்பாத்தி (சிம்பாங் அம்பாட்)

ஐயா, தம்பிகள் அனைவருக்கும் நன்றி. குழியும் வெட்டியாயிற்று, அறிக்கையும் வந்துவிட்டது.

வேரை அலசிப் பார்த்தோம். ஐயா எழுதியதை அப்படியே பக்கத்தில் வைத்துப் படித்ததுபோல் இருந்தது: தடித்த, குட்டையான வேர்கள், நுனியெல்லாம் பழுப்பு. உள்ளங்கை அகலத்துக்குக் கீழே ஒரு வேரும் இறங்கவில்லை.

மேட்டுப்பக்கம்: பிஎச் 4.6. கரிமக் கார்பன் 1.1 விழுக்காடு. பாஸ்பரஸ் 68 பிபிஎம் (பத்து லட்சத்தில் 68 பங்கு). பொட்டாசியம் 0.12, மெக்னீசியம் 0.15, கால்சியம் 0.9, அலுமினியம் 1.4, பரிமாற்றத் திறன் 5.8. பள்ளப்பக்கம்: பிஎச் 3.7, அலுமினியம் 6-க்கும் மேல்.

பள்ளத்துக் குழியின் படத்தை இணைத்திருக்கிறேன். ஓரடிக்குக் கீழே சாம்பல் களியில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகளும் கோடுகளும் தெரிகின்றன. கால்வாய்த் தண்ணீர் அடிவரை தெரியும் அளவுக்குத் தெளிவு. கரையில் மட்டும் துருப்போல் செம்படிவம். நல்ல தண்ணீர் என்று நினைத்து அதையே இறைத்துப் பாய்ச்சி வந்தோம்.

பழைய வெளிக்காடு (நிபோங் திபால்)

அம்மா, அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடுவதை இன்றே நிறுத்துங்கள்.

அந்த வைக்கோல் மஞ்சள் ஜரோசைட் என்ற கனிமம். அங்கே இருப்பது அமில சல்பேட்டு மண். முன்பு கடல்நீர் ஏறிய சதுப்பில் பைரைட் என்ற இரும்புக் கந்தகம் சேர்ந்திருக்கும். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை அது யாருக்கும் தீங்கு செய்யாது. கால்வாய் வெட்டி நீரை வடித்துக் காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறும். கால்வாய் நீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கும் அதுவே காரணம்: கரைந்த அலுமினியம் கலங்கலையெல்லாம் அடியில் படியவைத்துவிடுகிறது. மேற்குக் கரையோரத் தாழ்நிலங்களில் இது இங்கும் அங்கும் உண்டு. தோட்டங்களில் கால்வாயை ஆழப்படுத்திவிட்டுப் பிறகு மரம் மஞ்சளாகிறதே என்று திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே கால்வாயை ஆழமாக்க வேண்டாம். அடிமண்ணைப் புரட்டி மேலே போடவும் வேண்டாம். நீர்மட்டம் அந்த மஞ்சள் அடுக்குக்கு மேலேயே இருக்கும்படி கால்வாயில் சிறிய தடுப்பு வைத்துவிடுங்கள். மேலடி மண்ணை மட்டும் கூட்டி உயரமான பாத்தி அமைக்கலாம். என்னைக் கேட்டால் அங்கே வெண்டையை மறந்துவிட்டுச் சேம்பு போடுங்கள், கரையோரம் கங்கோங் கீரை. பாத்தி உயர்ந்த இடத்தில் அன்னாசி வரும். ஜோகூரில் கரிமண்ணில், இதைவிடப் புளித்த இடத்தில்கூட அன்னாசி எடுக்கிறார்கள். அந்தப் பள்ளத்தை வெண்டை நிலமாக்க ஆகும் சுண்ணாம்புக்குக் குத்தகைக்காரர் செலவு செய்வது நியாயமில்லை.

அளவுகோல் (செராஸ்)

ஐயா சொன்னதற்கு மேல் பள்ளத்தைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. மேட்டுக்கு வருகிறேன். இந்த அறிக்கை மனத்துக்குத் தெம்பு தருகிறது அக்கா, ஏனென்றால் அங்கே சரிசெய்யக்கூடியவைதாம் குறைகின்றன.

பாஸ்பரஸ் 68 என்றால் காய்கறிக்கு இப்போதைக்குத் தாராளம். கோழி எருவும் 15-15-15-உம் சேர்ந்து கொட்டியது அது. பச்சை உரத்தின் 50 கிலோ மூட்டையில் நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றும் 7.5 கிலோ வீதம் இருக்கின்றன. அந்த நடு எண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் காசு வீண். குறைவது பொட்டாசியமும் மெக்னீசியமும் கால்சியமும். அடியிலையில் நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாக இருக்கிறது என்றீர்களே, அது மெக்னீசியக் குறையின் அடையாளம். செடி இளந்தளிருக்காக அடியிலையிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது.

எனவே வெறும் சுண்ணாம்பைவிட டோலமைட் வாங்குங்கள். கடையில் ஜிஎம்எல் என்று கேட்டாலும் தருவார்கள். கால்சியம், மெக்னீசியம் இரண்டும் அதில் உண்டு. கணக்கு இதோ: ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பதை அலுமினிய எண்ணை 1.5 முதல் 2 வரை பெருக்கி எடுப்பது வழக்கம். 1.4-க்கு 2.1 முதல் 2.8 டன் வருகிறது. நீங்கள் 2 டன்னில் தொடங்குங்கள். அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம் உள்ள பாத்திக்கு 2 கிலோ. அரை ஏக்கர் முழுவதற்கும் என்றால் ஏறத்தாழ 400 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையில் எட்டு. பள்ளப்பக்கத்தை விட்டுவிட்டால் அதற்கும் குறைவு. தூவிவிட்டு ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். மேலே கிடந்தால் மேலேயே கிடக்கும், அசையாது. மண் ஈரமாக இருக்கட்டும். நடவுக்கு முன் நான்கு வாரமாவது விடுங்கள்.

சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். யூரியாவும் அப்படியே. நைட்ரஜன் அம்மோனியாவாக ஆவியாகிப் போகும், மூக்கைத் துளைக்கும் அந்த நெடியே உங்கள் காசு பறப்பதற்கு அடையாளம். சுண்ணாம்பு முதலில், இரண்டு மூன்று வாரம் கழித்து மக்கிய எரு.

எருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கோழி எருவை நேரே போடுவதை விட்டுவிடுங்கள். உமி, காய்ந்த லாலாங், சருகு இவற்றோடு அடுக்கி மக்கவையுங்கள். உமிக்குச் செபராங் பிறை வடக்கில் நெல் ஆலைகள் இருக்கின்றன. மரத்தூள் கிடைத்தால் கொஞ்சமாகச் சேருங்கள், கார்பன் மிகுந்த பொருள் அதிகமானால் மக்கும்போது மண்ணின் நைட்ரஜனையே இழுத்துக்கொள்ளும். குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி சூடு ஏற வேண்டும். சூடு தணியும்போதெல்லாம் புரட்டுங்கள். சூடு அடங்கி, கோழி நெடி போய், மழை பெய்த காட்டு மண்ணின் மணம் வந்த பிறகு பாத்திக்குக் கொண்டுபோகலாம். சதுர மீட்டருக்கு 2 கிலோ நல்ல தொடக்கம்.

அதற்குப் பிறகு நைட்ரஜனும் பொட்டாஷும் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. செடியின் பக்கத்தில் சிறிய பள்ளம் கீறிப் போட்டு மூடுங்கள். வானம் கறுத்துக்கொண்டு வரும் நாளில் வேண்டாம். மிளகாய்க்குச் சில்வர்ஷைன் எனும் வெள்ளிநிற மூடாக்குப் பிளாஸ்டிக் விரித்தால் மழை உரத்தைக் கழுவுவது வெகுவாகக் குறையும். கத்தரிக்கும் வெண்டைக்கும் லாலாங் மூடாக்கே போதும்.

நாட்டுவிதை (செந்தூல்)

அக்காவின் எண்களைப் பார்த்த பிறகு என் பின்கட்டு மண்ணையும் தாள் வைத்துச் சோதித்தேன். 6.8 காட்டுகிறது. அண்ணா சொன்ன சாந்துத் தூள் காரணமாக இருக்கலாம். என் அனுபவத்தை அக்காவின் நிலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. சுண்ணாம்பு போட்டுவிட்டு மண்ணைச் சும்மா வைத்திருக்கும் அந்த நான்கு வாரத்தில் பசுந்தாள் விதைக்கலாம் அல்லவா? சணப்பையோ தட்டைப்பயறோ போட்டுப் பூக்கும் பருவத்தில் மடக்கிவிட்டால் நைட்ரஜனும் கிடைக்கும், மட்கும் கிடைக்கும்.

பழைய வெளிக்காடு (நிபோங் திபால்)

அருமையான யோசனை தம்பி. தோட்டத்தில் இளங்கன்றுகளுக்கு இடையில் பியூரேரியா, கலப்போ, பின்னாளில் முக்குனா என்று கொடிகளை விட்டதெல்லாம் இதற்காகத்தான். காய்கறி நிலத்துக்கு அந்தக் கொடிகள் வேண்டாம், அடக்க முடியாது. தட்டைப்பயறு போடட்டும், கொஞ்சம் புளிப்பையும் தாங்கும். பூப்பதற்கு ஆறு ஏழு வாரம் ஆகும், நடவை அதற்கேற்பத் தள்ளிப்போட வேண்டும். மடக்குவதற்கு முன் ஒரு செடியைக் கெல்லி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள் அம்மா. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை, புளிப்பு இன்னும் முறியவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

கத்தரிப்பாத்தி (சிம்பாங் அம்பாட்)

மேட்டுக்கு டோலமைட் ஏழு மூட்டை கேட்டிருக்கிறோம். தட்டைப்பயறு விதை பட்டர்வொர்த்தில் கிடைக்கும் என்றார்கள். பள்ளத்தில் சேம்பு நட என் மாமியார் கிழங்கு தருகிறார். பாய்ச்சுவதற்கு மழைநீர்த் தொட்டி வைக்கலாம் என்று என் கணவர் சொல்கிறார்.

ஒரு சந்தேகம்: சுண்ணாம்பு போட்ட பிறகு மறுபடியும் எப்போது சோதிப்பது?

அளவுகோல் (செராஸ்)

பயறை மடக்கும் முன் பிஎச் தாளால் ஒரு முறை பாருங்கள். 5.5-ஐத் தாண்டியிருந்தால் நடலாம். முழுப் பகுப்பாய்வு அடுத்த ஆண்டு இதே பருவத்தில், இதே ஆழத்தில், முடிந்தால் இதே ஆய்வகத்தில். இந்த மழையில் சுண்ணாம்பும் மெல்ல மெல்ல இறங்கிப் போகும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டி வரும். அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வெளிக்காடு (நிபோங் திபால்)

ஏழு மூட்டைக்காகத் தனி லாரி வேண்டாம் அம்மா. சுங்கை பாக்காப்பில் எனக்குத் தெரிந்த இருவருக்கும் டோலமைட் தேவைப்படுகிறது. மூன்று பேரும் சேர்ந்து எடுத்தால் கூலி குறையும். தனிமடலில் நிலத்துக்கு வரும் வழியைச் சொல்லுங்கள், கேட்டுவிட்டு நாளைக்குள் பதில் போடுகிறேன்.